வேலியில் தொங்கும் பூப்பெட்டி: மலையகத்தில் எந்தச் செடி எங்கே நிற்கும்?

ஜூலை மாதத்தில் ஹட்டனில் ஏறி பதுளைப் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பட்டிப்பொல வரைக்கும் தூறலும் மூடுபனியும், ஜன்னலைத் திறக்க முடியாது. அப்புறம் ஒரு சுரங்கம் வரும். உள்ளே போகும்போது மழைக்காலம், ஒஹிய பக்கம் வெளியே வரும்போது பல நாட்களில் வெயில்காலம். தென்மேல் பருவக்காற்று சுமந்து வந்த ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, கிழக்கே ஊவாவுக்குள் வெறும் காய்ந்த காற்றாக இறங்குவதால் வரும் வித்தியாசம் அது.

வேலியில் பூப்பெட்டி மாட்ட நினைப்பவர், தன் வீடு அந்தச் சுரங்கத்துக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. ஒரு ஏப்ரலில் நுவரெலியாவுக்கு சீசன் பார்க்கப் போய், கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த பிட்டூனியா 18 நாற்று வாங்கி வந்தேன். 12 ஹட்டன் பக்கம் இருக்கும் என் வீட்டு வேலிக்கு, 6 பண்டாரவளையில் இருக்கும் தங்கச்சிக்கு. ஜூன் நடுவில் என்னுடையவை நனைந்த கடதாசி மாதிரி ஒட்டிக்கிடந்தன. அவளுடையவை ஆகஸ்ட் வரை பூத்தன. ஒரே இடத்தில் வாங்கிய ஒரே செடிதான்.

தரையில் நிற்கும் செடிக்கு மண் போர்வை மாதிரி. வேலியில் தொங்கும் பெட்டிக்கோ எல்லாப் பக்கமும் காற்று, மேலே மழை, கீழே வெறுமை. சீக்கிரம் நனையும், சீக்கிரம் காயும். அதனால் நிலத்தில் நன்றாக வளர்கிறது என்பதற்காக ஒரு செடியை வேலிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேலியைப் பார்த்துவிட்டுத்தான் செடிக்குப் போக வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. ஒரு நாள் வேலியைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு வையுங்கள். காலை 8 மணி, 11 மணி, பிற்பகல் 2, 4 என்று நாலு முறை போய், வேலியில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் நேர் வெயில் விழுந்தால் அது வெயில் வேலி. இரண்டு முதல் ஐந்து வரை என்றால் அரை நிழல். அதற்கும் கீழே என்றால் நிழல் வேலி. அதற்கும் செடி இருக்கிறது, கவலை வேண்டாம்.

வெளிநாட்டுத் தோட்டக் காணொளிகளில் "தெற்குப் பார்த்த வேலிதான் நல்லது" என்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவில். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. எனவே வடக்குப் பார்த்த வேலிக்கு மே முதல் ஆகஸ்ட் வரையும், தெற்குப் பார்த்த வேலிக்கு ஒக்டோபர் முதல் மார்ச் வரையும் வெயில் கூடுதலாகக் கிடைக்கும். நமக்கு இதைவிட முக்கியமானது கிழக்கும் மேற்கும். மலையில் காலை வெளுத்திருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு மேகம் இறங்கிவிடும். கிழக்குப் பார்த்த வேலி அந்தக் காலை வெயிலைப் பிடித்துக்கொள்ளும். மேற்குப் பார்த்த வேலிக்கு முறைப்படி கிடைக்க வேண்டிய மாலை வெயிலைப் பாதி நாள் மூடுபனி தின்றுவிடும். போதாததற்கு தென்மேல் மழையும் அதன் முகத்தில்தான் அடிக்கும்.

காற்றைப் பார்க்க, பழைய சேலைத் துண்டொன்றை நீளமாகக் கிழித்து வேலிக் கம்பியில் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். சும்மா அசைந்தால் பரவாயில்லை. நாள் முழுக்கக் கிடைமட்டமாகப் பறந்தால், உயரமாக வளரும் எந்தச் செடியையும் அங்கே வைக்க முடியாது.

கூரைப் பீலி உடைந்து வேலியில் தண்ணீர் கொட்டும் இடம், ஆடு எட்டும் உயரம், குரங்கு வரும் பக்கம், இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் பூப் பறிக்கிற பிள்ளைகள் வரும் பக்கமும் உண்டு. நான் அந்த மூலையில் வேண்டுமென்றே செவ்வந்தி வைத்திருக்கிறேன், பறித்துக்கொண்டு போகட்டும்.

2. பாரம்

இந்த விஷயத்தில் தான் பலர் ஏமாறுகிறார்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 15 அகலம், 15 ஆழம் உள்ள ஒரு பெட்டி சுமார் 13 லீற்றர் கொள்ளும். அதில் தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்பி மழையில் நனையவிட்டால் 20 கிலோவைத் தாண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவே அப்படி மூன்று மாட்டினால், ஒரு மூட்டை சீமெந்தைத் தொங்கவிட்டதைவிட மோசம்.

கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மரக்கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதலில் உக்கும், மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். அந்த இடத்தில் ஒரு ஆணியைக் குத்தினால் உள்ளே போகிறதா பாருங்கள். போனால் கம்பத்தை மாற்றிவிட்டுத்தான் பெட்டி. சீமெந்துக் கம்பமும் கம்பி வலையும் உள்ள வேலி பாரம் தாங்கும். முள்ளுக்கம்பி தாங்காது, தளர்ந்து வயிறு தொங்கும். அங்கே கம்பத்துக்குக் கம்பம் ஒரு பலகையோ குழாயோ கட்டி, பாரத்தைக் கம்பம் சுமக்கும்படி செய்ய வேண்டும். தகர வேலியில் நேராக மாட்டவே வேண்டாம். வெயிலில் தகரம் சுட்டு பெட்டியின் ஒரு பக்க வேரை வேகவைக்கும். தகரத்தைத் தாங்கும் சட்டத்தில் மாட்டி, இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கிளிரிசிடியா, முள்முருங்கை போன்ற உயிர்வேலி என்றால் மரத்தில் ஆணி அடிக்காமல் தனிக் கம்பம் நடுவது நல்லது. அந்த மரம் பருக்கும், கிளை வெட்டும் நாள் வரும், அன்றைக்குப் பெட்டியும் விழும்.

கொக்கிக்கு 6 மில்லிமீற்றர் கம்பி போதும். கட்டுக்கம்பியால் மட்டும் கட்டித் தொங்கவிடாதீர்கள், துருப்பிடித்து ஒரு இரவு அறுந்துவிடும். மேலே மாட்டியது போக, பெட்டியின் அடிப்பகுதியையும் வேலியோடு ஒரு கட்டுக் கட்டுங்கள். ஆடிக்கொண்டே இருக்கும் பெட்டியில் புது வேர் பிடிக்காது. உயரம் உங்கள் முழங்கைக்குக் கீழே இருக்கட்டும். தலைக்கு மேல் மாட்டிய பெட்டிக்கு யாரும் தினமும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பொது வேலி என்றால் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சேற்றுத் தண்ணீர் அவர்கள் காயப்போட்ட துணியில் சொட்டிய பிறகு சொன்னால் எடுபடாது.

பெட்டியாக எதையும் பாவிக்கலாம். 10 லீற்றர் பெயின்ட் வாளி, படுக்கவைத்து மேல்பக்கம் வெட்டிய எண்ணெய்க் கேன், பலகைப் பெட்டி. பால்மா டின் அழகுதான், ஆனால் சீக்கிரம் துருப்பிடித்து அடி விழுந்துவிடும். பாதியாகப் பிளந்த பி.வி.சி. குழாய் படத்தில் நன்றாக இருக்கும், மண் பிடிப்பது குறைவு, பத்துமணிப் பூவைத் தவிர வேறொன்றும் அதில் நிலைக்காது. ஆழம் குறைந்தது 15 சென்ரிமீற்றர், 20 என்றால் நிம்மதி.

அடியில் பென்சில் நுழையும் அளவுத் துவாரம் ஐந்தாறு போடுங்கள். கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு வரைக்கும் போகும்.

3. மண்

தேயிலை மலை மண் புளிப்புத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அது பிடிக்கும், பூச்செடிகளில் பலவற்றுக்குப் பிடிக்காது. தனியாகப் பெட்டியில் போட்டால் மழையில் இறுகி, வெயிலில் சுவரைவிட்டு விலகி நிற்கும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், நடுவில் மண் காய்ந்தபடியே கிடக்கும்.

மேல்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு அல்லது பழைய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. கிடைத்தால் உமிக்கரி இரண்டு கை. தும்புத்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். 10 லீற்றர் கலவைக்கு, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, நனைத்து, இரண்டு வாரம் மூடி வையுங்கள். இந்தக் கலவை வெறும் செம்மண்ணைவிட நல்ல பாரம் குறைவு.

குடித்த தேயிலைச் சக்கையை நேராகப் பெட்டியில் கொட்டும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஏற்கெனவே புளித்த மண், அதன்மேல் சக்கை பூஞ்சணம் பிடித்துக் குட்டி ஈக்களைக் கூட்டும். கூட்டெருக் குழியில் போட்டு மக்கவைத்துப் பாவியுங்கள்.

4. செடி

முதலில் எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரு சோதனை. பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ் ஒற்றை அடுக்காகவும் சிறிதாகவும் இருந்தால் மழைத்துளி வழிந்துவிடும். அடுக்கு இதழ், பெரிய புனல் வடிவப் பூ என்றால் தண்ணீரைப் பிடித்து வைத்து அழுகும். கடையில் கண்ணை இழுப்பது எப்போதும் இரண்டாவது வகைதான்.

மேற்குச் சரிவில், அதாவது கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை பக்கத்தில், மே முதல் செப்டெம்பர் வரை நனைந்தே இருக்கும் வேலிக்குத் தோதானது மெழுகு இலைப் பெகோனியா. பூ சிறிது, இலை தடிப்பு, தண்ணீர் ஒட்டாது. அரை நிழலிலும் விடாமல் பூக்கும். நிழல் கூடிய வேலிக்குக் காசித்தும்பை இனத்தில் தொட்டியில் வைக்கும் குட்டை வகை. ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் மயங்கி விழும், ஊற்றினால் எழுந்துவிடும், அப்படி ஒரு வெட்கங்கெட்ட செடி. நாஸ்டர்டியத்தையும் சொல்ல வேண்டும். விதையை ஒரு இரவு ஊறவைத்து நட்டால் போதும், பெட்டியிலிருந்து வழிந்து தொங்கும், இலையையும் பூவையும் தின்னலாம். அதற்கு உரம் போடாதீர்கள். கொழுத்த மண்ணில் இலைதான் வரும், பூவைத் தேட வேண்டும். ஜெரேனியம் இங்கே கூரை நீட்டத்தின் கீழ் மட்டும். திறந்த மழையில் இலையில் துருநோய் பிடித்து, தண்டு அடியில் கறுத்துப் போகும். பிட்டூனியாவை ஜனவரி முதல் ஏப்ரல் வரை வைத்துக்கொள்ளலாம். என்னைப் போல ஏப்ரல் கடைசியில் நடாதீர்கள்.

நுவரெலியா, இராகலை, ஹக்கலை, அம்பேவலை என்று உயரம் கூடிய இடங்களில் கதை வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழே வியர்த்துச் சாகும் குளிர்நாட்டுச் செடிகளுக்கு அங்கே சொர்க்கம். தொங்கும் பெட்டிக்கு என்னைக் கேட்டால் பியூஷியாதான். காதுத் தோடு மாதிரிப் பூ தலைகீழாகத் தொங்குவதால் மழை உள்ளே போகாது. வேலியில் மாட்டினால் தான் அதன் அழகே தெரியும், தரையில் நட்டால் குனிந்து பார்க்க வேண்டும். காலை வெயில், பிற்பகல் நிழல், குளிர்ந்த இரவு இருந்தால் போதும். பேன்சி, லொபீலியா, அலிசம், டயந்தஸ் எல்லாம் இங்கே முன்வரிசைக்கு நல்லவை. அலிசத்துக்கு ஒரு தேன் வாசம் உண்டு, வாசல் பக்கத்துப் பெட்டியில் வையுங்கள். ஐவி இலை ஜெரேனியம் கொடி மாதிரித் தொங்கி வரும், மழை மாதங்களில் அதற்கும் கூரை ஓரம் வேண்டும். ஆனால் பத்துமணிப் பூவை வாங்கி வைத்துவிட்டு, பூக்கவில்லை என்று குறைப்படாதீர்கள். அது வெயில் விழுந்தால்தான் விரியும். மூடுபனி கலையாத வேலியில் பத்து மணிக்கும் கண் திறக்காது, பன்னிரண்டுக்கும் திறக்காது.

எது வரும் என்று சந்தேகம் இருந்தால் ஹக்கலைப் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. அந்தக் குளிரில் என்ன தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஊவாப் பக்கம், அதாவது வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளையில், ஜூன் முதல் செப்டெம்பர் வரை எதிரி கச்சான், அதாவது மலையைத் தாண்டிக் காய்ந்து இறங்கும் அந்தத் தென்மேல் காற்று. இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, காலையில் நனைத்த பெட்டியை மத்தியானத்துக்குள் காயவைத்துவிடும். இங்கே தடித்த இலையும் குட்டை உடம்பும் உள்ள செடி வேண்டும். சாதாரண ஜெரேனியம், வெர்பினா, கசானியா, கலஞ்சோ, டயந்தஸ். பிட்டூனியாவும் நிற்கும், தங்கச்சி வீட்டில் நின்றது. ஆனால் அவள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புத்தளை முகட்டில் வேலி இருந்தால் ஒரு சாணுக்கு மேல் வளரும் எதையும் மறந்துவிடுங்கள். பியூஷியா கச்சானில் இரண்டு நாளில் மொட்டுக் கொட்டும். ஒக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழாகும், இடைமழையும் வடகீழ் மழையும் இந்தப் பக்கத்தை நனைக்கும். அப்போது ஜெரேனியத்தைக் கூரை ஓரத்துக்கு நகர்த்த முடிகிற மாதிரிக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தால் புத்திசாலித்தனம்.

கண்டி, மாத்தளை, பதுளை, பசறை போன்ற தாழ்ந்த, வெப்பமான இடங்களில் நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ, குட்டைச் செண்டுப்பூ, பென்டாஸ். ஆடு மேயும் வழியில் நித்தியகல்யாணி நல்லது, அதை ஆடு தொடாது. தண்ணீர் கூடினால் தான் அது அழுகும்.

எந்த ஊராக இருந்தாலும் உண்ணிச்செடி வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் வேலியைத் தாண்டி மலைக்குள் பரவிவிடும், அப்புறம் யாராலும் பிடுங்க முடியாது.

வாங்கும்போது பூத்துக் குலுங்குவதை விட்டுவிட்டு, மொட்டு இருக்கும் குட்டையான கிளை விட்ட நாற்றை எடுங்கள். முடிந்தால் பையைச் சற்று விலக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் திருப்பி வையுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

5. நடுவது

நாற்றுத் தவறணையில் நிழல்வலைக்குள் வளர்ந்ததை வந்த அன்றே வேலியில் மாட்டக் கூடாது. ஒரு வாரம் இஸ்தோப்பில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும் காட்டுங்கள்.

60 சென்ரிமீற்றர் பெட்டிக்கு நாலு செடி. ஆறு வைத்தால் முதல் மாதம் அழகாக இருக்கும், மூன்றாம் மாதம் ஒன்றையொன்று அமுக்கி, இடையில் காற்றோட்டமில்லாமல் சாம்பல் பூஞ்சணம் வரும். தொங்குவது முன்னால், நிமிர்வது பின்னால். காற்று வரும் முனையில் முரட்டுச் செடி. தண்ணீர் கேட்பதையும் கேட்காததையும் ஒரே பெட்டியில் சேர்க்காதீர்கள். பெகோனியாவும் ஜெரேனியமும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கலாம், ஒரே பெட்டியில் ஒன்று செத்துவிடும். மண் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே நிற்கட்டும், இல்லாவிட்டால் பெருமழை மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். மாலையில் நடுங்கள்.

6. அப்புறம் பார்ப்பது

தண்ணீருக்குக் கணக்கு நாள் கிடையாது. பெட்டியை அடியில் கைகொடுத்து லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஒரு வாரத்தில் பாரம் கைக்குப் பழகிவிடும். லேசாக இருந்தால் அடியில் சொட்டும் வரை ஊற்றுங்கள். மழை பெய்துவிட்டது என்று நம்பி இருக்காதீர்கள், இலை அடர்ந்த பெட்டியில் தூறல் மண்ணுக்கு எட்டாது.

நட்டு ஆறு வாரம் எருவில் இருப்பதே போதும். பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாட்டெருவை ஊறவைத்த தண்ணீரை வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கலந்து ஊற்றுங்கள். தேயிலைக்குப் போடும் உரம் கையில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அது கொழுந்துக்காகச் செய்த உரம், நைதரசன் கூடியது. இங்கேயும் அது இலையைத்தான் தரும்.

வாடிய பூவை வாரம் ஒரு முறை காம்போடு கிள்ளுங்கள். மழை மாதங்களில் இது அழகுக்காக மட்டுமில்லை, பூஞ்சணம் தொடங்குவது அந்த அழுகிய இதழில் தான். செடி நீண்டு நடு வெறுமையானால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பயம் இருக்கக் கூடாது. நத்தை வேலிக் கம்பம் வழியே ஏறி வரும். இரவு எட்டு மணிக்கு டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றில்லாத இரவு என்றால் உறைபனி விழலாம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால், மேட்டு வேலியைவிட பள்ளத்து வேலிதான் முதலில் கருகும். மாலையிலேயே பெட்டியின் மேல் பழைய சாக்கைப் போட்டுவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுங்கள்.

வெட்டிய தண்டுகளை எறியாதீர்கள். ஜெரேனியத்தில் பூ இல்லாத தண்டை 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் வெட்டுவாயைக் காயவிட்டு மணலில் குத்துங்கள். பெகோனியாவும் காசித்தும்பையும் தண்ணீர்க் கிளாஸிலேயே வேர்விடும். மூன்று, நாலு வாரம் கழித்துத் தண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். வர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது, பெட்டிக்கு மாற்றலாம்.